தேய்ந்த காலணியைப் படமாக்கியவர்: லோயிஸ் வெபரின் திரைவாழ்க்கை

அமெரிக்க மௌனப்பட காலம் என்றாலே கிரிஃபித், டிமில், சாப்ளின் என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றனவே, அவர்களோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசத்தக்க பெண் இயக்குநர் எவரும் இருந்தாரா, இருந்தாரெனில் அவர் பெயர் ஏன் நம் காதில் விழவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தார். அவர் பெயர் லோயிஸ் வெபர். 1916ஆம் ஆண்டில் யுனிவர்சல் நிறுவனத்தில் மிக அதிகச் சம்பளம் பெற்ற இயக்குநர் அவர்தான். ஆண்களையும் சேர்த்தே சொல்கிறேன். தம் கதைகளைத் தாமே எழுதி, பலவற்றில் தாமே நடித்து, இயக்கி, பின்பு சொந்தமாக ஒரு ஸ்டுடியோவும் நடத்தியவர். ‘முதல் பெண்’ என்ற பட்டத்தோடு அவரை அறிமுகப்படுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டம் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லி முடித்தவுடன் பலரும் அவருடைய படங்களைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். ஆகவே அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதிலேயே இந்தப் பதிலின் பெரும்பகுதியைச் செலவிட விரும்புகிறேன்.

வெபர் 1879ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் அலெகெனி நகரில் பிறந்தார். அந்த ஊர் பிற்காலத்தில் பிட்ஸ்பர்க் மாநகரத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பக்தியில் ஊறிய குடும்பம். பியானோ வாசிப்பில் தேர்ந்த அந்தப் பெண், இளவயதிலேயே ஒரு கிறித்தவத் தொண்டுக் குழுவோடு சேர்ந்து தெருமுனைகளிலும் ஏழைக் குடியிருப்புகளிலும் பாடல் பாடி, ஊழியம் செய்தார். சிறிது காலம் கச்சேரிப் பியானோக் கலைஞராகவும் ஊர் ஊராகச் சென்றார். ஒரு கச்சேரியின் நடுவே பியானோவின் கட்டை ஒன்று பெயர்ந்து கையோடு வந்துவிட, அந்த அதிர்ச்சியிலிருந்து மீள முடியாமல் மேடைவாசிப்பையே விட்டுவிட்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தெருமுனை ஊழியம் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. முகம் தெரியாத கூட்டத்தின் நடுவே நின்று, அவர்கள் கேட்க விரும்பாததையும் அவர்கள் மனம் கொள்ளும்படி சொல்ல வேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் வந்தது. அவருடைய படங்களின் பலமும் பலவீனமும் அந்தப் பழக்கத்திலிருந்தே கிளைத்தவை என்று நான் கருதுகிறேன்.

நாடக மேடைக்கு வந்த வெபர், தாம் நடித்த குழுவிலேயே இருந்த ஃபிலிப்ஸ் ஸ்மாலியை 1904இல் மணந்துகொண்டார். 1908 வாக்கில் பிரெஞ்சு நிறுவனமான கோமோனின் அமெரிக்கக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தயாரானவை, இசைத்தட்டோடு இணைத்து ஓட்டப்பட்ட ‘குரோனோஃபோன்’ என்னும் குறும்படங்கள். பேசும்படம் பரவுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒலியோடு கூடிய படத்தில் கைபழகியவர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணவனும் மனைவியும், ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ எடுத்த எட்வின் போர்ட்டரின் ரெக்ஸ் நிறுவனத்துக்குச் சென்றார்கள். 1912இல் பல சிறு நிறுவனங்கள் சேர்ந்து யுனிவர்சல் உருவானபோது ரெக்ஸும் அதில் ஒன்றானது. போர்ட்டர் விலகிக்கொள்ள, அந்தப் பிரிவை நடத்தும் பொறுப்பு இவர்கள் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் ‘ஸ்மாலி தம்பதி’ என்றே விளம்பரம் செய்தார்கள். ஆனால் கதையை எழுதுவதும் படத்துக்கு வடிவம் கொடுப்பதும் யாருடைய கை என்பது போகப் போக எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அந்த ரெக்ஸ் காலத்தில் வாரந்தோறும் வெளிவந்த குறும்படங்களில் ஒன்றுதான் 1913இல் வெளியான ‘சஸ்பென்ஸ்’. ஓடும் நேரம் சுமார் பத்து நிமிடம். ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு தாய். வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் சாவியைக் கால்மிதிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஒரு நாடோடி வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான். கணவன் நகரத்தில் அலுவலகத்தில் இருக்கிறான். இதே மாதிரிக் கதையை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கிரிஃபித் ‘தி லோன்லி வில்லா’ என்ற பெயரில் எடுத்திருந்தார். அவருடைய வழி, வீடு, அலுவலகம், சாலை என்று காட்சிகளை மாற்றி மாற்றி வெட்டி வேகம் கூட்டுவது. வெபரும் அவ்வாறு வெட்டுகிறார். ஆனால் முக்கியமான கட்டத்தில் வெட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரே சட்டகத்தை மூன்று முக்கோணங்களாகப் பிரிக்கிறார். ஒரு பக்கம் மனைவி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள், நடுவில் கணவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், இன்னொரு பக்கம் நாடோடி. பேசுகிறவள் அறியாததும் கேட்கிறவன் காண முடியாததும் நம் கண்முன் ஒருசேர நிற்கின்றன. உதவ வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தவிப்பு நமக்கு எங்கிருந்து வருகிறது என்றால், அந்தப் பிரிக்கப்பட்ட சட்டகத்திலிருந்துதான் வருகிறது.

அந்தப் படத்திலேயே இன்னும் மூன்று காட்சிகளைக் கவனியுங்கள். மாடி ஜன்னலிலிருந்து அவள் கீழே எட்டிப் பார்க்க, காமிரா நேர்செங்குத்தாகக் கீழ்நோக்கியிருக்க, நாடோடி அண்ணாந்து பார்க்கும் முகம் நம்மையே முறைக்கிறது. கணவன் வேறொருவனுடைய காரை எடுத்துக்கொண்டு பறக்க, பின்னால் போலீஸோடு துரத்தி வரும் வண்டியை, ஓடும் காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் காட்டுகிறார். கடைசியாக, நாடோடி மாடிப்படியேறி வரும்போது காமிரா அசையாமல் நிற்க, அவன் முகம் பெரிதாகிப் பெரிதாகித் திரை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அந்தத் தாயாக நடித்தவரும் வெபரே. 1913இல் காமிராவைத் தூக்கி நகர்த்துவதே பெரும் வேலையாக இருந்த நிலையில், ஒரு வாரப் படத்துக்காக இத்தனை யோசித்த மனம் எத்தகையது என்பதை இந்தப் பத்து நிமிடமே சொல்லிவிடும்.

அதே 1913இல் யுனிவர்சல் சிட்டியின் மேயராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது பெரும்பாலும் விளம்பரத்துக்கான பதவி என்பதால் அதில் நாம் நின்று நேரம் கழிக்க வேண்டியதில்லை. 1914இல் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தை முழுநீளப் படமாக எடுத்தார். அமெரிக்காவில் முழுநீளப் படம் இயக்கிய முதல் பெண் என்ற பெயர் அதனால் அமைந்தது. ஆனால் முழுநீளப் படங்களில் யுனிவர்சலுக்கு அப்போது போதிய ஊக்கம் இல்லை. ஆகவே அவர் போஸ்வர்த் என்ற நிறுவனத்துக்கு மாறினார். அங்கே எடுத்த ‘ஹிப்போகிரிட்ஸ்’ 1915 ஜனவரியில் வெளியாகி அவருடைய பெயரை நாடு முழுவதும் கொண்டு சென்றது.

‘ஹிப்போகிரிட்ஸ்’ என்றால் வேடதாரிகள். பாசாங்கைக் கண்டித்துப் பிரசங்கம் செய்த பாதிரியார் ஒருவர், சபையார் தம்மை வெறுப்பதைக் கண்டு மனம் நொந்து கனவு காண்கிறார். அந்தக் கனவில், இடைக்காலத் துறவி ஒருவர் உண்மையின் சிலையை நிர்வாணப் பெண்ணாக வடித்துத் திரை விலக்க, கூட்டம் சினந்து அவரைக் கொன்றுவிடுகிறது. பிறகு அந்த உண்மையே உயிர்பெற்று, கையில் கண்ணாடியோடு இன்றைய அரசியல், காதல், சமூகம், குடும்பம் என்று ஒவ்வொன்றாக நுழைந்து காட்டுகிறது. அந்தப் பெண்ணை வெபர் டபுள் எக்ஸ்போஷர் முறையில் படம்பிடித்தார். படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே சட்டகத்தின்மேல் மறுபடி ஒளிபடச் செய்து, ஊடுருவித் தெரியும் நிழலுருவாக அவளை உலவவிட்டார். அன்றைய வசதிகளில் இது ஒரு தவறும் பொறுக்காத வேலை. கணக்குப் பிசகினால் முதலில் எடுத்ததும் சேர்த்துப் பாழாகும். படத்தின் பிரசங்கத் தொனி இன்றைய பார்வையாளருக்குச் சற்று அலுப்பூட்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிழலுருவின் அமைதி இன்னும் வசீகரிக்கிறது. ஓஹாயோ மாநிலத்தில் படம் தடை செய்யப்பட்டது. வேறு பல ஊர்களில் கூட்டம் அலைமோதியது.

இங்கே ஒரு பின்னணியைச் சொல்லியாக வேண்டும். அதே 1915 பிப்ரவரியில், ஓஹாயோவின் தணிக்கைச் சட்டத்தை எதிர்த்து மியூச்சுவல் என்ற திரைப்பட நிறுவனம் தொடுத்த வழக்கில், திரைப்படம் என்பது லாபத்துக்காக நடக்கும் வியாபாரமே ஆகையால் பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1952 வரை அந்த நிலை மாறவில்லை. திரைப்படத்தைச் செய்தித்தாளின் தலையங்கப் பக்கம்போலப் பயன்படுத்த வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் இயக்குநருக்கு, இது காலடியில் இருந்த மண்ணையே இழுத்துவிட்ட தீர்ப்பு. ஒவ்வொரு மாநிலமும், சில இடங்களில் ஒவ்வொரு நகரமும், தன் விருப்பப்படி வெட்டலாம், தடுக்கலாம். ‘ஹிப்போகிரிட்ஸ்’ தவிர, வெபரின் மிகத் துணிச்சலான படங்கள் பலவும் இந்தத் தீர்ப்புக்குப் பின் வந்தவை என்பதை மனத்தில் இருத்திப் பார்த்தால்தான் அவருடைய உறுதி விளங்கும்.

1915இல் யுனிவர்சல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவை வைத்து ‘தி டம்ப் கர்ல் ஆஃப் போர்ட்டிச்சி’ என்ற பெரும் பொருட்செலவிலான படத்தை எடுக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்தின் பக்கம் திருப்பிய அதே பாவ்லோவாதான். அவர் நடித்த ஒரே முழுநீளப் படம் இது. கூட்டக் காட்சிகளும் கலகக் காட்சிகளும் பிரமாண்டமாக இருக்கின்றன. ஆனாலும் வெபரின் மனம் முழுமையாகத் திறந்த இடம் அரண்மனையும் கலகமும் அன்று. வாடகை வீட்டின் ஒற்றை அறை.

அதற்குச் சான்று 1916இல் வந்த ‘ஷூஸ்’. ஈவா மேயர் என்ற இளம்பெண் மலிவுப் பொருள் கடை ஒன்றில் விற்பனைப் பெண். அப்பா வேலைக்குப் போகாமல் கட்டிலில் சாய்ந்து மலிவுவிலை நாவல் படித்துக்கொண்டிருப்பவர். அம்மாவும் தங்கைகளும் ஈவாவின் வாரக் கூலியை நம்பியே இருக்கிறார்கள். நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் அவளுடைய காலணியின் அடித்தோல் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுக் காலணிக்குக் காசு கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் வாடகை, மளிகை என்று ஏதோ ஒன்று முந்திக்கொள்கிறது. ஆகவே அட்டையைக் காலணியின் அளவுக்குக் கத்தரித்து உள்ளே வைத்துக்கொள்கிறாள். மழை வருகிறது. அட்டை ஊறிப் பிய்ந்துபோகிறது. மறுபடி கத்தரிக்கிறாள்.

வெபர் இதைக் காட்டும் பொறுமை வியப்பூட்டுவது. கத்தரிக்கோல் அட்டையைச் சுற்றி வளைவதை, சேறு படிந்த பாதத்தை, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஜோடிக் காலணியைப் பார்த்து நிற்கும் பெண்ணின் முகத்தை, அவசரமே இல்லாமல் அருகில் சென்று காட்டுகிறார். கடைசியில், தன் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த கேளிக்கை விடுதிக்காரன் ஒருவனோடு போகத் தீர்மானித்து, விரிசல் விட்ட கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள் ஈவா. அவள் புதுக் காலணியோடு வீடு திரும்பி அம்மாவின் மடியில் விழுந்து அழும் அதே நாளில் அப்பாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ‘வறுமை’ என்று எழுதிய ஒரு ராட்சதக் கை மேலிருந்து இறங்கி அவளைப் பற்றுவதுபோல ஒரு காட்சியும் படத்தில் உண்டு. அது பழைய தெருமுனை ஊழியக்காரியின் குரல். அந்தக் கை எனக்குத் தேவைப்படவில்லை. அட்டை ஒன்றே போதும். ஓர் ஏழைப் பெண் ஒழுக்கம் தவறினாள் என்று பிரசங்கம் செய்ய வந்தவர், அவளுடைய காலணியை இத்தனை அருகிலிருந்து பார்த்தபின் அவளைக் குற்றம் சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்பதே அந்தப் படத்தின் மேன்மை. ஈவாவாக நடித்த மேரி மக்லாரனுக்கு அதுதான் பெயர் வாங்கித் தந்த படம்.

அதே ஆண்டில் வந்த ‘வேர் ஆர் மை சில்ட்ரன்?’ அவருடைய படங்களிலேயே மிகப் பெரும் வசூலும் மிகப் பெரும் சர்ச்சையும் கண்டது. ‘என் குழந்தைகள் எங்கே?’ என்பது பொருள். கருத்தடை பற்றிய செய்திகளை அஞ்சலில் அனுப்புவதே ஆபாசக் குற்றம் என்று 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம் வைத்திருந்த காலம் அது. மார்கரெட் சாங்கர் நியூயார்க்கின் புரூக்ளினில் தம் முதல் குடும்பக் கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்து கைதானது அந்த ஆண்டின் அக்டோபரில்தான். படம் அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டது. கருத்தடையைப் பரப்பிய டாக்டர் ஒருவர் மீதான வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர், குழந்தைகள்மேல் ஆசை கொண்டவர். பிறகு ஓர் இளம்பெண்ணின் சாவுக்குக் காரணமான கருக்கலைப்பு டாக்டரின் வழக்கு வருகிறது. அந்த டாக்டரின் கணக்குப் புத்தகத்தில் தம் மனைவியின் பெயரையே அவர் காண்கிறார். கடைசிக் காட்சியில் கணவனும் மனைவியும் கணப்பு அருகே பேச்சின்றி உட்கார்ந்திருக்க, பிறக்காமலே போன குழந்தைகள் நிழலுருவாக வந்து அவர்களைச் சுற்றி நிற்கிறார்கள்; ஆண்டுகள் கழிகின்றன, பெரியவர்களும் முதியவர்களாகிறார்கள். ‘ஹிப்போகிரிட்ஸ்’ படத்தில் தத்துவத்துக்காகப் பயன்பட்ட அதே டபுள் எக்ஸ்போஷர், இங்கே ஒரு வீட்டின் வெறுமைக்குப் பயன்படுகிறது. இதை அவருடைய கலை முதிர்ச்சியின் அடையாளமாகவே நான் பார்க்கிறேன்.

ஆனால் இந்தப் படத்தைப் பாராட்டிவிட்டு மட்டும் நகர முடியாது. ஏழைகளுக்குக் கருத்தடை வேண்டும் என்பதற்கு அது முன்வைக்கும் வாதத்தில், ‘தகுதியற்றவர்கள்’ பெருகக் கூடாது என்ற அன்றைய இனமேம்பாட்டுக் கொள்கை கலந்திருக்கிறது. வசதியுள்ள பெண்கள் பிள்ளை பெறாததைச் சுயநலமாகக் கண்டிக்கிறது. சாங்கரின் இயக்கத்திலும் அன்றைய சீர்திருத்தவாதிகள் பலரிடமும் அந்தக் கறை இருந்தது. பெண்ணின் உரிமைக்காக வாதாடுகிற படமா, பெண்ணின்மேல் பழி சுமத்துகிற படமா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் சொல்ல முடியாதபடி இரண்டும் அதில் இருக்கின்றன. பென்சில்வேனியாவின் தணிக்கையாளர்கள் அதை முற்றாகத் தடுத்தார்கள். மறு ஆண்டு வெபர் ‘தி ஹேண்ட் தட் ராக்ஸ் தி கிரேடில்’ என்ற படத்தில், கருத்தடைக்காக வாதாடிச் சிறைசெல்லும் பெண்ணாகத் தாமே நடித்தார். அதன் பிரதி எதுவும் இன்று இல்லை. முதல் படத்தின் குழப்பத்திலிருந்து அவர் எங்கே வந்து சேர்ந்தார் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதனோடு போய்விட்டது.

1916ஐ அவருடைய உச்சம் என்று சொல்லலாம். மரண தண்டனையைப் பற்றி ‘தி பீப்பிள் வெர்சஸ் ஜான் டோ’, அபின் பழக்கத்தைப் பற்றி ‘ஹாப், தி டெவில்ஸ் புரூ’ என்று நாளிதழ்த் தலைப்புகள்போல அவருடைய படங்கள் வந்துகொண்டிருந்தன. திரைப்பட இயக்குநர் சங்கத்தில் அன்று உறுப்பினராக இருந்த ஒரே பெண்ணும் அவரே. அதே சமயம் யுனிவர்சலில் ஐடா மே பார்க், கிளியோ மேடிசன், ரூத் ஆன் பால்ட்வின், எல்சி ஜேன் வில்சன் என்று வேறு பெண்களும் இயக்கிக்கொண்டிருந்தார்கள். வெபர் தனிமரமாக முளைத்தவர் என்று நினைப்பது தவறு. திரைத்தொழில் இன்னும் கெட்டிப்படாமல், யார் திறமை காட்டினாலும் வேலை கொடுக்கும் நிலையில் இருந்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் அவை.

1917இல் லாஸ் ஏஞ்சலிஸின் சான்டா மோனிகா பூல்வார்டில் ‘லோயிஸ் வெபர் புரொடக்‌ஷன்ஸ்’ என்ற சொந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார். பெரும் பிரச்சினைகளிலிருந்து குடும்பத்துக்குள், கணவன் மனைவி உறவுக்குள் அவருடைய கவனம் திரும்பியது இந்தக் கட்டத்தில்தான். 1920இல் ஃபேமஸ் பிளேயர்ஸ்-லாஸ்கி நிறுவனத்தோடு, படம் ஒன்றுக்கு 50,000 டாலரும் லாபத்தில் பங்கும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டார். ‘டு பிளீஸ் ஒன் உமன்’, ‘வாட்ஸ் வொர்த் வைல்?’, ‘டூ வைஸ் வைவ்ஸ்’ ஆகிய மூன்று படங்கள் வெளியானபின் அந்த உறவு முறிந்தது. அடுத்த படங்களை வேறு சிறிய விநியோகஸ்தர் மூலம் வெளியிட வேண்டியதாயிற்று. அப்படி வந்ததுதான், அவருடைய படங்களில் எனக்கு மிகவும் பிரியமான ‘தி பிளாட்’. 1921இல் வெளியானது. தலைப்புக்குக் களங்கம் என்று பொருள். கல்வி கற்பிப்பவருக்கும் சமய ஊழியருக்கும் உரிய ஊதியம் தராமல் இருப்பது சமூகத்தின்மேல் படிந்த களங்கம் என்கிறது படம்.

பேராசிரியர் கிரிக்ஸின் வீடு. பக்கத்து வீடு நாகரிகக் காலணிகள் செய்து விற்றுப் பணம் சேர்த்த ஓல்சன் குடும்பத்தின் வீடு. பேராசிரியரின் மகள் அமீலியா நூலகத்தில் வேலை செய்கிறாள். கல்லூரி அறங்காவலர் ஒருவரின் மகனான ஃபில், அவளைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அங்கே வந்து போகிறான். ஒரு நாள் அவள் வீட்டுக்குள் வந்து உட்காரும் ஃபில்லின் கண் தரையில் படிகிறது. கம்பளம் நூல்நூலாகத் தேய்ந்திருக்கிறது. நாற்காலியின் உறை கிழிந்திருக்கிறது. வெபர் ஒரு டைட்டில் கார்டும், அதாவது மௌனப்படத்தில் இடையிடையே வரும் எழுத்துப் பலகையும், போடாமல், அவன் பார்வையைப் பின்தொடர்ந்து அந்தக் கம்பளத்தையும் நாற்காலியையும் குளோசப்பில் காட்டிவிட்டு மறுபடி அவன் முகத்துக்கு வருகிறார். அதுவரை வறுமை என்ற சொல்லையே கேட்டிராதவன்போல இருந்த பணக்காரப் பையனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறது.

அமீலியா நோயில் விழுகிறாள். ஊட்டமான உணவு கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அம்மாவிடம் காசும் இல்லை, கடையில் கடன் கொடுப்பாரும் இல்லை. பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலில் கோழி இருக்கிறது. அந்தப் பெண்மணி வேலியருகே நிற்பதும், போவதும், திரும்புவதும், கடைசியில் கை நீண்டு கோழியை எடுப்பதும், எடுத்த கை தாங்க மாட்டாமல் அதைத் திரும்ப அங்கேயே வைத்துவிடுவதும் ஒரு திகில் படத்தின் பதற்றத்தோடு எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து வந்து ஜன்னல் வழியே பார்த்த மகள் எடுத்ததை மட்டும்தான் பார்த்தாள், திரும்ப வைத்ததைப் பார்க்கவில்லை. பிறகு ஃபில் அனுப்பிய கூடையில் வந்த கோழியை அம்மா சமைத்து எடுத்துவந்து நீட்டும்போது, மகளின் முகத்தில் தோன்றும் வெட்கத்தையும் அதன் காரணம் புரியாத தாயின் மகிழ்ச்சியையும் ஒருங்கே பார்க்கிறோம். மரியாதைப்பட்ட குடும்பத்தின் வறுமை, வெளியே சொல்ல முடியாத வறுமை. அதை இத்தனை நுட்பமாகக் காட்டிய படம் அந்தக் காலத்தில் வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டுடியோ அரங்குகளைக் குறைத்து உண்மையான இடங்களிலேயே அவர் படம் பிடித்தது இதற்குப் பெரிதும் துணைசெய்தது. கல்லூரிக் காட்சிகள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அன்றைய வெர்மான்ட் அவென்யூ வளாகத்தில் எடுக்கப்பட்டவை.

இத்தகைய படம் எடுத்தவர் அதே ஆண்டிலிருந்து சரியத் தொடங்கியது ஏன்? காலம் மாறிவிட்டது, ஜாஸ் இசைக்கும் கேளிக்கைக்கும் பழகிய ரசிகர்களுக்கு அவருடைய அறநெறிப் படங்கள் கசந்தன என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதிதான். மறுபாதி தொழிலின் அமைப்பு. முதல் உலகப் போருக்குப் பின், படம் தயாரிப்பதும் விநியோகிப்பதும் திரையரங்குகளைச் சொந்தமாக வைத்திருப்பதும் ஒரே கையில் குவியத் தொடங்கின. வங்கிப் பணம் உள்ளே வந்தது. பெரிய நட்சத்திரத்தின் படம் வேண்டுமென்றால் எங்களுடைய மற்றப் படங்களையும் மொத்தமாக எடுக்க வேண்டும் என்று திரையரங்குக்காரர்களைக் கட்டாயப்படுத்தும் முறை வந்தது. சொந்தமாகச் சிறு ஸ்டுடியோ வைத்து, தம் கதையைத் தம் விருப்பப்படி எடுத்த தனி இயக்குநர்களுக்குப் படத்தைத் திரையிட இடமே கிடைக்காமல் போனது. கதையை யார் எழுத வேண்டும், எப்படி வெட்ட வேண்டும் என்பதை மையத் தயாரிப்பாளர் தீர்மானிக்கும் புதிய முறையில், எல்லாவற்றையும் தாமே செய்து பழகிய வெபருக்கு இடமில்லை. அந்தப் பெரிய அலுவலகங்களின் உயர் நாற்காலிகளில் ஆண்களே உட்கார்ந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் யுனிவர்சலில் இயக்கிக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள் என்பதிலிருந்தே, இது ஒரு தனிமனிதரின் திறமைக் குறைவால் நேர்ந்தது இல்லை என்பது தெளிவு.

1922இல் ஸ்மாலியோடு மணமுறிவு. மனச்சோர்வில் ஆழ்ந்து, 1923இல் ஒரு படத்தோடு சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்தார். 1926இல் ஹாரி கான்ட்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டபின், மறுபடி யுனிவர்சலுக்கு வந்து பில்லி டவ் நடித்த ‘தி மேரேஜ் கிளாஸ்’, ‘சென்சேஷன் சீக்கர்ஸ்’ ஆகியவற்றை எடுத்தார். 1927இல் டிமிலின் நிறுவனத்துக்காக ‘தி ஏஞ்சல் ஆஃப் பிராட்வே’. அதே ஆண்டில் பேசும்படம் வந்துவிட்டது. குரோனோஃபோனில் தொடங்கியவருக்கு ஒலி புதிதன்று. ஆனால் அழைப்பு வரவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1934இல், ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களில் ‘வைட் ஹீட்’ என்ற படத்தை எடுத்தார். அதுதான் அவருடைய ஒரே பேசும்படம், கடைசிப் படமும். அதன் பிரதியும் இன்று இல்லை. 1939 நவம்பர் 13ஆம் நாள், அறுபதாவது வயதில், ஹாலிவுட்டில் இறந்தார். ஈமச்செலவை ஏற்றுக்கொண்டவர் திரைக்கதை ஆசிரியர் ஃபிரான்சஸ் மேரியன். தொடக்கத்தில் அவரைத் திரைத்துறைக்குள் கைப்பிடித்து அழைத்து வந்தவர் வெபர்.

மறதிக்கு இன்னொரு காரணமும் உண்டு; அது வேதியியல் சார்ந்தது. அன்றைய நைட்ரேட் படச்சுருள் தானே சிதையும், எளிதில் தீப்பிடிக்கும். யுனிவர்சல் தன்னிடம் மீதமிருந்த மௌனப்படப் பிரதிகளை 1948இல் வேண்டுமென்றே அழித்துவிட்டது. வெபர் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. ‘ஷூஸ்’ படத்துக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 1932இல் யுனிவர்சலே அதை வெட்டிச் சுருக்கி, மேலே கேலிப் பேச்சு ஒட்டி, ‘தி அன்ஷாட் மெய்டன்’ என்ற பெயரில் ஒரு நகைச்சுவைத் துணுக்காக வெளியிட்டது. ஈவாவின் அட்டையைப் பார்த்துத் திரையரங்கில் சிரித்திருப்பார்கள். வெபர் அப்போது உயிரோடு இருந்தார். நெதர்லாந்தின் ஐ திரைப்படக் காப்பகம் டச்சு மொழி டைட்டில் கார்டுகளோடு எஞ்சியிருந்த பிரதியைக் கொண்டு அந்தப் படத்தை மீட்டெடுத்தபோது, விடுபட்ட சில காட்சிகளை நிரப்ப அந்தக் கேலித் துணுக்கே உதவியது. ‘தி பிளாட்’ 1970களில் கண்டெடுக்கப்பட்டு, 1980களில் மௌனப்பட மீட்பாளர்களான கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் அதைச் செப்பனிட்டார்கள்.

நீங்கள் பார்க்கத் தொடங்குவதானால் ‘சஸ்பென்ஸ்’ படத்தில் தொடங்குங்கள். பத்து நிமிடம்தான், இணையத்தில் எளிதில் கிடைக்கும். அடுத்து ‘ஷூஸ்’, மீட்டெடுக்கப்பட்ட பதிப்பையே தேடிப் பாருங்கள். சிதைந்த பிரதிகளில் அந்தக் குளோசப்புகளின் அழகு தெரியாது. ‘ஹிப்போகிரிட்ஸ்’ படத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கடைசியாக ‘தி பிளாட்’. அதன் முடிவில் அமீலியாவும் ஃபில்லும் சேர்ந்துவிடுகிறார்கள் என்பதோடு படம் முடியவில்லை. அவள்மேல் அதே அன்பு வைத்திருந்த ஏழைப் பாதிரியார் விடைபெற்று இருட்டில் தனியே நடந்து போகிறார். காமிரா அவரோடு போகிறது.